உள்ளூரா, வெளியூரா? டி.என்.ஏ. டெஸ்ட் வரை போன ஜப்பான் சாலமாண்டர் பஞ்சாயத்து

கியோட்டோ நகருக்கு நடுவே ஓடும் காமோ ஆற்றில் கனமழை பெய்து ஓய்ந்தால், சில நேரம் கரையில் ஒரு விநோத உருவம் ஒதுங்கிக் கிடக்கும். சேற்று நிறத் தோல், தட்டைத் தலை, கடுகு சைஸில் கண். நீளம் ஒன்றரை மீட்டர் வரை போகும். உடனே சுற்றிலும் செல்போன்கள் நீளும். ஆனால், அதிகாரிகளின் கேள்வியே வேற: இது உள்ளூர்தானா?

ராட்சத சாலமாண்டர், மேற்கு ஜப்பானின் குளிர்ந்த ஓடைகளைச் சேர்ந்தது. தவளையின் தூரத்துச் சொந்தம். மூச்சு விடுவது பெரும்பாலும் தோல் வழியாகத்தான். தொந்தரவு செய்தால் உடம்பிலிருந்து மிளகு வாசனையோடு ஒரு திரவம் கசியும். ஜப்பானிய மொழியில் இதன் பெயரே 'பெரிய மிளகு மீன்' என்ற அர்த்தத்தில்தான் இருக்கிறது. கரையோரப் பொந்தில் பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். மாதக்கணக்கில் காவல் இருப்பது ஆண். பொறுப்பான அப்பா!

1952-ல் இதை 'சிறப்பு இயற்கைச் சின்னம்' என்று ஜப்பான் அறிவித்தது. அனுமதி இல்லாமல் பிடிக்கவே முடியாது.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது?

சாப்பாட்டில். 1970-களில் இறைச்சிக்காகச் சீன ராட்சத சாலமாண்டர்கள் இறக்குமதியாகின. அவற்றில் சில எப்படியோ ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்து, உள்ளூர் சாலமாண்டர்களோடு கலந்தன. பிறந்த குட்டிகளும் மலடு இல்லை. அவையும் இனம் பெருக்கின. இன்று காமோ ஆற்றில் பிடிபடுபவற்றில் பெரும்பாலானவை கலப்பினம்தான். கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், டி.என்.ஏ. பரிசோதனை வரை போக வேண்டியிருக்கிறது. அசல் ஜப்பான் இனம் என்றால் மறுபடியும் ஆற்றுக்கு. கலப்பினம் என்றால் தொட்டிக்கு.

2024-ல் சீன இனத்தையும் கலப்பினத்தையும் 'ஆக்கிரமிப்பு அயல் இனம்' என்று ஜப்பான் அரசு பட்டியலிட்டது. அனுமதியின்றி வளர்க்க, கொண்டுபோக, ஆற்றில் விடத் தடை.

அப்படியென்றால் மொத்தமாக அழித்துவிடலாமே? அங்கேதான் இடிக்கிறது. சொந்த நாட்டில் சீன சாலமாண்டரின் நிலைமை இதைவிட மோசம். 2013 முதல் 2016 வரை சீனாவில் 97 இடங்களில் ஆய்வாளர்கள் தேடினார்கள். கிடைத்தவை 24 மட்டுமே, அதுவும் வெறும் 4 இடங்களில். அவையும் பண்ணைகளிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்றது மரபணு. இறைச்சிக்காக வளர்க்கும் பண்ணைகளில் லட்சக்கணக்கில் இருக்கின்றன, ஆறுகளில் கிட்டத்தட்ட இல்லை.

ட்விஸ்ட் இதுதான்: ஜப்பானில் எடுக்கப்பட்ட மாதிரிகளைக் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, அவற்றில் சில அரிதிலும் அரிதான தென்சீன ராட்சத சாலமாண்டர் என்று தெரியவந்தது. 2024-ல் முடிவு வெளியானபோது இரண்டு உயிரோடு இருந்தன. அயல் இனம் என்று ஒதுக்கியதிலேயே, சொந்த ஊரில் தேடியும் கிடைக்காத ஒன்று!

இத்தனைக்கும் கலப்பு எட்டாத ஓடைகளிலும் அசல் இனத்துக்கு நிம்மதி இல்லை. தடுப்பணைகளும் கான்கிரீட் கரைகளும் முட்டையிட மேலே ஏறும் வழியை அடைக்கின்றன. சில ஊர்களில் தடுப்பணைக்குப் பக்கத்திலேயே, சாலமாண்டர் ஏறிப் போவதற்கென்று தனிச் சரிவுப் பாதை கட்டிக்கொடுக்கிறார்கள்.