உருக்கும்போதே உடைகிறது பிளாஸ்டிக்

பாட்டில் தண்ணீரில் சில சமயம் பழவாடை போல லேசான இனிப்பு மணம் வரும். நாம் தண்ணீரைக் குறை சொல்வோம். ஆனால் அதற்கு பாட்டிலும் காரணமாக இருக்கலாம். பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கை உருக்கும்போது சூடு மிஞ்சினால் அசிட்டால்டிஹைடு உண்டாகும். பழுத்த பழங்களிலும் இருக்கும் பொருள்தான் அது. துளியூண்டு இருந்தாலும் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

மணம் வந்தால் உள்ளே மூலக்கூறுகள் அறுபட்டிருக்கின்றன என்று அர்த்தம். பெட்டின் உறுதியெல்லாம் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளில்தான் இருக்கிறது. அவை அறுந்தாலும் பாட்டில் பளபளவென்றே இருக்கும், கீழே விழும்போதுதான் சாயம் வெளுக்கும்.

இதில் சூட்டைவிட மோசமான எதிரி ஈரம். மூலப்பொருளான பெட் குருணை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதை உருக்கி வார்க்கும் மெஷினுக்குள் சுமார் 280 டிகிரி சூட்டில் ஒரு நீர் மூலக்கூறு ஒரு பிணைப்பை வெட்டிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பகீரென்கிறது: ஒரு கிலோ குருணையில் ஒரே ஒரு கிராம் தண்ணீர் இருந்தால் போதும், சராசரியாக ஒவ்வொரு சங்கிலியும் ஒரு முறையாவது துண்டாகிவிடும். அதனால்தான் 160, 170 டிகிரி உலர்காற்றில் மணிக்கணக்காகக் காயவைத்து, ஈரத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே கொண்டுவருகிறார்கள். அத்தனையும் செய்துவிட்டு, மழைக்காலத்தில் குருணை கொட்டும் ஹாப்பரின் மூடியைத் திறந்து போட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

அடுத்தது நேரம். பெரிய மெஷினில் சின்னப் பொருளை அடித்தால், உருகியது பேரல் என்ற சூடான உருளைக்குள்ளேயே காத்துக் கிடந்து வேகும். சாப்பாட்டு நேரத்தில் ஹீட்டரை அணைக்காமல் போவதும் இதே கதைதான். பேரலுக்குள் பிளாஸ்டிக்கைத் தள்ளும் ஸ்க்ரூவை வேகமாகச் சுற்றினால் உராய்விலேயே சூடு ஏறும்; பேரல் சுவரிலுள்ள மீட்டர் அதை முழுதாகக் காட்டாது. கழிவை அரைத்துத் திரும்பத் திரும்பப் போடும்போது, ஒவ்வொரு சுற்றிலும் சங்கிலி இன்னும் குறுகும்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒரே மாதிரி கெடுவதில்லை. பாலிபுரொப்பிலீன் அறுந்து தண்ணீராக ஓடும். பாலிஎத்திலீனில் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கட்டி தட்டுவதுண்டு. பி.வி.சி.யோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும். அந்த அமிலமே சிதைவை இன்னும் விரட்டும், அச்சையும் அரிக்கும். மஞ்சள், பழுப்பு, கறுப்பு என நிறம் மாறுவதால் இது ஒன்றுதான் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும்.

பொருள் உடைந்து வந்ததும் குருணை விற்றவர்மேல் பாய்வதுதான் பல பட்டறைகளில் வழக்கம். அது நியாயமில்லை. பாலிபுரொப்பிலீன் என்றால் 230 டிகிரியில் 2.16 கிலோ எடை வைத்து, சிறு துளை வழியே 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்று பார்க்கும் மெல்ட் ஃப்ளோ சோதனை இருக்கிறது. பெட்டுக்குக் கரைசலின் பிசுபிசுப்பை அளப்பார்கள். குருணையில் கொஞ்சம், உடைந்த பொருளில் கொஞ்சம் எடுத்து இரண்டையும் சோதியுங்கள். பொருள் மட்டும் மிக வேகமாக வழிந்தால், சங்கிலி அறுந்தது உங்கள் மெஷினில்தான். சரக்கைத் திருப்பி அனுப்பும் முன் டிரையரையும் பேரல் சூட்டையும் ஒருமுறை பாருங்கள்.