ஆற்றங்கரையில் நீர்வண்ணம்: முதலில் ஒதுக்க வேண்டிய வெண்மை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை கரமனையில் ஆற்றைக் கடக்கிறது. பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்திருப்பவருக்கு அந்த ஆறு சில நொடிகளே தென்படும். அருகிலேயே, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் அக்ரகாரத் தெருக்கள் உள்ளன. அங்கு வசிப்போரில் பலருக்கும் ஆறு என்பது அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் போகும் வழியில் வரும் ஒரு பாலமாகச் சுருங்கிவிட்டது. அதே கரையில் ஒரு காகிதத்தையும் தூரிகையையும் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அமர்ந்திருப்பவர் காணும் ஆறு வேறு.

கரமனை ஆறு அகத்தியர் மலைத் தொடரில் தோன்றி, மேற்கு நோக்கி ஏறத்தாழ 68 கிலோமீட்டர் ஓடி, கோவளத்துக்கு அருகே அரபிக்கடலில் கலக்கிறது. அம்மலைத் தொடரின் கிழக்குச் சரிவில் பிறப்பதே தாமிரபரணி. நெல்லைச் சீமையை வளப்படுத்தும் ஆறும் திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் தரும் ஆறும் ஒரே மலையின் இரு பக்கங்களில் பிறந்தவை. அருவிக்கரையில் தேக்கப்பெறும் இவ்வாற்று நீர் 1933ஆம் ஆண்டு முதல் நகரத்தின் குழாய்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. நாள்தோறும் நாம் பருகும் ஆற்றை ஒருமுறையேனும் நின்று பார்க்க ஒரு காரணம் தேவையெனில், திறந்தவெளி நீர்வண்ண வகுப்பு அதற்கு மிகப் பொருத்தமானது.

மலையின் மறுபக்கம் வந்தவர்கள்

ஓவியர் வெளியில் அமர்ந்து வண்ணம் தீட்டுவது நெடுங்காலம் எளிதாக இருக்கவில்லை. வண்ணப்பொடியை அரைத்துப் பிசினில் குழைத்துத் தயாரிக்கும் வேலை கூடத்துக்குள்ளேயே நடந்தாக வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள், நீரில் தொட்டதும் கரையும் சிறு வண்ணக்கட்டிகளை விற்பனைக்குக் கொண்டு வந்தனர். சட்டைப்பைக்குள் அடங்கும் பெட்டியுடன் ஓவியர்கள் ஆற்றங்கரைகளுக்கும் மலையடிவாரங்களுக்கும் செல்லத் தொடங்கினர்.

தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் ஆகிய ஆங்கிலேய ஓவியர்கள் 1792ஆம் ஆண்டு தென்னாட்டில் பயணம் செய்தபோது, பாபநாசம் அருவியையும் குற்றாலத்தையும் நேரில் கண்டு வரைந்தனர். கரமனை ஆறு பிறக்கும் மலையின் மறுபக்கம் அவ்வாறு தாள்களில் பதிவாயிற்று. அவர்கள் தாயகம் திரும்பி வெளியிட்ட 144 அச்சுப் படங்கள் இந்தியாவின் நிலக்காட்சிகளை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தின.

நம் காலத்துக்கு நெருங்கிய ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். கோயம்புத்தூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், தந்தித் துறையில் பணியாற்றிய பின்னர், 1936ஆம் ஆண்டு சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். கேரளத்தின் பசுமையையும் நீர்நிலைகளையும் தீட்டிய நீர்வண்ணங்களே அவருக்கு முதலில் பெயர் ஈட்டித் தந்தன. பின்னாளில் அப்பள்ளிக்கே முதல்வரான அவர், 1966ஆம் ஆண்டு சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமாக இருந்தார். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரில் ஒரு காட்சிக்கூடம் உள்ளது. கரமனைக் கரையில் வகுப்புத் தொடங்க விரும்புவோர் முதலில் ஒரு மாலைப் பொழுதை அங்கே செலவிடுவது நல்ல முன்பயிற்சி.

காகிதமே வெளிச்சம்

எண்ணெய் வண்ணத்தில் வெண்மை வேண்டுமெனில் வெள்ளை வண்ணத்தை எடுத்துப் பூசலாம். பிழை நேர்ந்தால் அதன்மேல் வேறு வண்ணத்தைத் தீட்டி மறைத்துவிடலாம். நீர்வண்ணத்தின் இயல்பு வேறு. வண்ணப்பொடி, கருவேல இனத்து மரத்தின் பிசினுடன் கலந்து, காகிதத்தின்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய படலமாகப் படிகிறது. ஒளி அப்படலத்தின் ஊடாகச் சென்று, காகிதத்தில் பட்டுத் திரும்பி நம் கண்ணை அடைகிறது. ஆகவே ஓவியத்தில் நாம் காணும் வெளிச்சம் முழுவதும் காகிதத்தின் வெளிச்சமே.

இதிலிருந்து ஒரு கடுமையான விதி பிறக்கிறது. ஆற்றுநீரில் காலை வெயில் மினுங்கும் புள்ளிகளோ கரையேறிய கொக்கின் வெண்மையோ ஓவியத்தில் வேண்டுமெனில், அந்த இடங்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். மற்றவற்றைத் தீட்டி முடித்த பின் மிஞ்சிய இடத்தில் வெளிச்சத்தை வைக்கலாம் என்று எண்ணினால் வெளிச்சம் கிடைக்காது. வண்ணம் ஊறிய காகிதத்தை எவ்வளவு துடைத்தாலும் பழைய வெண்மை முழுமையாகத் திரும்புவதில்லை.

மாத வருவாயில் சேமிப்பை முதலில் எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதைச் செலவிடுவோருக்கு இவ்விதி புதிதன்று. பணத்துக்கு நாம் எளிதில் ஒப்புக்கொள்ளும் இந்த ஒழுங்கை நேரத்துக்குக் கடைப்பிடிப்பவர் குறைவு. எல்லா வேலைகளும் முடிந்த பிறகு நமக்கென ஒரு காலை மிஞ்சும் என்று பணி ஓய்வு வரை காத்திருப்போர் பலர். ஞாயிற்றுக்கிழமை காலையை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பவருக்கே அது கிடைக்கிறது.

எங்கே சிக்கனம், எங்கே செலவு

தொடக்கத்தில் பன்னிரண்டோ இருபத்து நான்கோ வண்ணங்கள் கொண்ட பெட்டியை வாங்கத் தேவையில்லை. ஒரு நீலம், ஒரு மஞ்சள், ஒரு செம்பழுப்பு ஆகிய மூன்றே போதும். கேரளத்துப் பசுமைக்கு ஆயத்தப் பச்சை பெரும்பாலும் பொருந்துவதில்லை. நீலத்தையும் மஞ்சளையும் கலந்து, அதில் சிறிது செம்பழுப்பைச் சேர்த்தால் தென்னைக்கு ஒன்றும் வாழைக்கு ஒன்றும் பலாவுக்கு ஒன்றுமாகப் பச்சைகள் பிரிந்து வரும். நுனி கூர்மையாகச் சேரும் நடுத்தர அளவு உருண்டைத் தூரிகை ஒன்று போதுமானது.

காகிதத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. மெல்லிய தாள் நீர் பட்டதும் சுருண்டு, பள்ளங்களில் வண்ணம் தேங்கும். பயிலுபவர் தம் கையைக் குறைகூறத் தொடங்குவார், குறை தாளுடையது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, சற்றுச் சொரசொரப்பான தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய தாள் ஒன்றை நான்காகவோ எட்டாகவோ வெட்டிக்கொண்டால் செலவு தாங்கக்கூடியதாகிவிடும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமம் போன்ற இடங்களில் தயாராகும் கைவினைத் தாள்களையும் முயன்று பார்க்கலாம்.

ஒரு காலை வகுப்பு

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலம் இதற்கு உகந்தது. ஜூனில் தொடங்கும் பருவமழையும் ஐப்பசி மழையும் ஆற்றைப் பெருக்கெடுக்கச் செய்து படித்துறைகளை வழுக்கலாக்கிவிடும். அந்நாட்களில் நீர் விளிம்பை அணுகாதிருப்பதே முறை. காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடித்துக்கொள்வது நலம். படித்துறைக்கு நீராடவும் நீத்தார் கடன் செய்யவும் வருவோர் உண்டு. அவர்களுக்கு வழிவிட்டு அமர்வதும், அவர்களைப் படமாக்காதிருப்பதும் வகுப்பின் முதல் ஒழுக்கமாக இருக்க வேண்டும்.

முதல் அரைமணி நேரம் தூரிகையைத் தொடாமல் பார்ப்பதற்கு. பயிற்றுநர் சிறு தாளில் பென்சிலால் ஒளி, நிழல், இடைநிறம் என மூன்றே பகுதிகளாகக் காட்சியைப் பிரித்துக் காட்டுவார். வெயில் ஏற ஏற நிழல்கள் இடம் மாறுவதால், நிழல் விழும் இடத்தை அப்போதே குறித்து வைத்துவிட வேண்டும். வெண்மையாக விட வேண்டிய இடங்களும் அப்போதே முடிவாகின்றன.

பின்னர் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த இடத்தில் அமர்ந்து தீட்டத் தொடங்குவர். புதியவர் பெரும்பாலும் செய்யும் முதல் பிழை, ஆற்றுக்கு நீலம் பூசுவது. ஆறு நீலமாக இருக்கும் என்று மனம் பள்ளி நாளிலேயே முடிவு செய்துவிட்டது. கண்ணை நம்பிப் பார்த்தால், கரையோரத்தில் தென்னையின் கரும்பச்சையும் நடுவில் வானத்தின் வெளிறிய சாம்பலும் ஆழமற்ற இடத்தில் மணலின் பழுப்பும் தெரியும். இருண்ட மரத்தின் பிம்பம் நீரில் மரத்தைவிடச் சற்று வெளிறியும், வெள்ளைச் சுவரின் பிம்பம் சுவரைவிடச் சற்று மங்கியும் இருப்பதைக் கண்டுபிடிப்பவருக்கு அன்றைய பாடம் கிட்டிவிட்டது.

திருவனந்தபுரத்தின் ஈரக்காற்றில் வண்ணம் மெதுவாகவே உலரும். முதற்பூச்சு உலருமுன் அடுத்ததைத் தீட்டினால் இரண்டும் ஒன்றில் ஒன்று ஓடிக் கலங்கிவிடும். காத்திருக்கும் அந்நேரத்தில் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஆற்றைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை.

பத்துப் பேர், பத்து ஆறுகள்

தனியாக வரைவதற்கும் குழுவாக வரைவதற்கும் உள்ள வேறுபாடு கடைசி அரைமணி நேரத்தில் விளங்கும். எல்லா ஓவியங்களும் தரையில் வரிசையாக வைக்கப்படுகின்றன. பள்ளி நாளுக்குப் பின் தூரிகையையே தொடாத அறுபது வயதினருக்கு இது அச்சம் தரும் கணம். பதவியிலும் குடும்பத்திலும் பிறருக்கு வழிகாட்டியே பழகியவர், தம் முதல் தடுமாற்றத்தை ஒரு பள்ளி மாணவியின் ஓவியத்துக்கு அருகில் வைக்க வேண்டியிருக்கிறது. வகுப்புக்கு மறுவாரம் வருவதா, வேண்டாமா என்பது பலருக்கும் இங்கேதான் முடிவாகிறது.

ஆகவே இந்த அரைமணி நேரத்தை நடத்தும் முறையில் பயிற்றுநர் கவனமாக இருக்க வேண்டும். எது சிறந்தது என்று கேட்காமல், யார் எதைப் பார்த்தார் என்று கேட்பதே நல்ல வழக்கம். ஒருவர் பாலத்தைப் பார்த்திருப்பார். ஒருவர் மரத்தின் வேரை. ஒருவர் நீரில் விழுந்த வெளிச்சத்தை மட்டும். ஒரே கரையில் அமர்ந்த பத்துப் பேரும் பத்து ஆறுகளைக் கண்டிருப்பது தெரிய வரும்போது, திறமை பற்றிய கூச்சம் தானாகக் குறைகிறது. வாரநாட்களில் வெவ்வேறு தொழில் செய்து, வார இறுதியில் பொது இடங்களில் கூடி வரையும் குழுக்கள் சென்னை உள்ளிட்ட பல நகரங்களில் நிலைத்திருப்பதற்கு இந்தத் தோழமையே காரணம்.

கழுவிய நீர்

நிறைவாக ஒரு சிறு செய்தி. தூரிகை கழுவிய நீரை ஆற்றில் ஊற்றுவது இயல்பான பழக்கமாகத் தோன்றும். சில மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் காட்மியமும் சில நீலங்களில் கோபால்ட்டும் உண்டு. அவை நீரில் சேரத்தக்கவை அல்ல. ஒவ்வொருவரும் இரண்டு புட்டிகள் கொண்டு வரலாம்: ஒன்று வீட்டிலிருந்து நல்ல நீருக்கு, மற்றொன்று கழுவிய நீரைத் திரும்ப எடுத்துச் செல்ல. நகரத்தைக் கடக்கும்போது கழிவுகளால் ஏற்கெனவே துன்புறும் ஆறு இது. ஒரு புட்டி நீரால் அதன் நிலை மாறிவிடாது என்பது உண்மையே. எனினும் மூன்று மணி நேரம் அதன் நிறத்தை உற்றுப் பார்த்தவர், அடுத்த நாள் பாலத்தைக் கடக்கையில் நீரில் மிதக்கும் நெகிழிப் பையைக் காணாதவர்போல் செல்ல இயலாது.

வரும் மாதத்தின் நாட்காட்டியை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எதையும் எழுதாமல் இப்போதே ஒதுக்கி வைப்போம். காகிதத்தையும் தூரிகையையும் அதன்பின் வாங்கிக்கொள்ளலாம்.