எமது விபரங்கள் யார் கையில்?

எமது மாவட்டத்துப் பெண்கள் யுத்த காலத்திலும் அதன் பின்னரும் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி போன்ற முகாம்களில் வருடக்கணக்காக இருந்தவர்கள் நிவாரணம், வீடு, வாழ்வாதாரம் என ஒவ்வொன்றுக்கும் "கணவர் எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் எழுதினார்கள். இன்று அதே கேள்வியை நுண்கடன் கம்பனியும் வேலை தருபவரும் கேட்கிறார்கள்.

மூதூர்ப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கடற்கரை விடுதியொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அடையாள அட்டைப் பிரதியுடன், கணவர் காணாமற்போனது பற்றிய முறைப்பாட்டின் பிரதியையும் வாங்கி வைத்தார்கள். ஒரு மாதத்திற்குள் சமையலறை முழுவதும் கதை. "வேலை தந்தவை கேட்டா குடுக்கத்தானே வேணும் அக்கா?" என்றார். பாத்திரம் கழுவும் வேலைக்கு அந்த முறைப்பாடு எதற்கு? நாங்கள் கடிதம் எழுதிக் கேட்ட பின்னர் பிரதி திரும்பக் கிடைத்தது. பரவிய கதை பரவியதுதான்.

இலங்கை அரசியலமைப்பில் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையாக வெளிப்படையாக எழுதப்படவில்லை. 2022 இன் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமே இதை விரிவாகப் பேசுகிறது. தேவையான அளவு விபரம் மட்டுமே கேட்கலாம். சொன்ன நோக்கத்துக்கே பயன்படுத்தலாம். எம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் எனப் பார்க்கவும் பிழையைத் திருத்தவும் நாம் கேட்கலாம். ஆனால் இந்த உரிமைகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்து பின்போடப்பட்டன. அதே வருடம் சட்டமும் திருத்தப்பட்டது. அமைச்சர் வர்த்தமானியில் குறிக்கும் நாளிலிருந்தே அவை செயற்படும். இவ்வளவு இழுபறி தேவையா என்பது வேறு கதை.

அதுவரை கையில் எதுவுமில்லை என்று எண்ண வேண்டாம். குழுக்கடன் கூட்டத்தில் ஒருத்தியின் நிலுவையை உரத்து வாசிப்பதும், அயல் வீட்டில் போய்ச் சொல்வதும் எமது கிராமங்களில் பழகிப்போய்விட்டன. மத்திய வங்கி 2023 இல் வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வாடிக்கையாளரின் விபரத்தை இரகசியமாக வைக்கச் சொல்கின்றன. கடன் அறவிடும்போது தொந்தரவு செய்வதையும் தடுக்கின்றன. முறைப்பாட்டுக்கு 1935 ஐ அழைக்கலாம். மத்திய வங்கியின் கீழ் வராத வட்டிக்காரருக்கு இது பொருந்தாது.

அரச அலுவலகம் என்றால் 2016 இன் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் உங்கள் பெயரில் என்ன பதிந்துள்ளது என எழுதிக் கேட்டால், தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இனி எங்காவது அடையாள அட்டைப் பிரதி கொடுக்கும்போது, அதன் குறுக்கே இரண்டு கோடு கீறி, "இன்ன கடன் விண்ணப்பத்துக்கு மாத்திரம்" என்று திகதியுடன் எழுதிக் கொடுங்கள். இலக்கமும் முகமும் மறையாமல் எழுதினால் போதும்.