தண்ணீரைப் பிரிக்கும் தகடு

பயிருக்கு யூரியா போடுகிறார்கள். யூரியா செய்ய அம்மோனியா வேண்டும். அம்மோனியா செய்ய ஹைட்ரஜன் என்ற வாயு வேண்டும். ஹைட்ரஜன் எங்கிருந்து கிடைக்கிறது?

இன்று உரத் தொழிற்சாலைகள் அதைப் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து எடுக்கின்றன. இயற்கை வாயு பூமிக்கு அடியில் கிடைப்பது. அதில் ஒரு பகுதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அதன் விலை ஏறினால் உரம் செய்யும் செலவும் ஏறும்.

தண்ணீரிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. 9 கிலோ தண்ணீரில் 1 கிலோ ஹைட்ரஜன் உண்டு. மீதி 8 கிலோ ஆக்சிஜன். தண்ணீரில் இரண்டு உலோகத் தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்துகிறார்கள். ஒரு தகட்டில் ஹைட்ரஜன் குமிழி குமிழியாக வருகிறது. மற்றொன்றில் ஆக்சிஜன் வருகிறது. இதற்கு மின்னாற்பகுப்பு என்று பெயர்.

பஞ்சாபில் நங்கல் என்ற ஊர் இருக்கிறது. 1960களில் அங்கே பக்ரா அணை மின்சாரத்தால் இப்படி ஹைட்ரஜன் எடுத்து உரம் செய்தார்கள். மின்சாரம் மிகுதியாகச் செலவாயிற்று. பிறகு அந்த முறை கைவிடப்பட்டது.

மின்சாரம் ஏன் இவ்வளவு செலவாகிறது? கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துப் பாருங்கள். வாளியின் பாரத்தை இழுத்துத்தான் ஆக வேண்டும். கப்பி துருப்பிடித்திருந்தால் இன்னும் அதிகமாக இழுக்க வேண்டும். எண்ணெய் விட்டால் அந்த வீண் பாடு குறையும்.

இங்கும் அப்படித்தான். 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்கக் குறைந்தது 39 யூனிட் மின்சாரம் வேண்டும். அது வாளியின் பாரம். ஆனால் 50 யூனிட்டுக்கு மேலேயே செலவாகிறது. தகட்டின் மேல் சில பொருள்களைப் பூசினால் இந்த வீண் செலவு குறைகிறது. அந்தப் பொருளுக்கு வினையூக்கி என்று பெயர். அது வேலையை எளிதாக்கும். தான் செலவாகாது.

பிளாட்டினமும் இரிடியமும் நல்ல வினையூக்கிகள். ஆனால் விலை மிக அதிகம். இரிடியம் உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு 10 டன்கூடக் கிடைப்பதில்லை. ஆகவே விஞ்ஞானிகள் இரண்டு வழிகளில் முயல்கிறார்கள். ஒன்று, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல மிக மெல்லியதாகப் பூசுவது. மற்றொன்று, மலிவான நிக்கலையும் இரும்பையும் சேர்த்துப் பயன்படுத்துவது. காரம் கலந்த தண்ணீரில் இந்தக் கலவை நன்றாக வேலை செய்கிறது. அமிலம் இருந்தால் கரைந்துவிடுகிறது. கரையாமல் பல ஆண்டுகள் உழைக்கும் மலிவான பொருளைத் தேடுகிறார்கள்.

2023இல் இந்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சூரிய ஒளி, காற்று ஆகியவற்றால் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு, 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன் எடுப்பது அதன் இலக்கு. 50 லட்சம் டன் என்றால் 500 கோடி கிலோ. ஒரு கிலோவுக்கு ஒரே ஒரு யூனிட் மிச்சமானால், ஆண்டுக்கு எத்தனை யூனிட் மிச்சமாகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.