குறைந்தபட்ச நடைமேடைச் சிக்கல்

குறைந்தபட்ச நடைமேடைச் சிக்கல் என்பது, வரும் நேரமும் புறப்படும் நேரமும் தெரிந்த தொடர்வண்டிகள் எதுவும் காத்திருக்காமல் நிற்க ஒரு நிலையத்துக்கு எத்தனை நடைமேடைகள் போதும் என்று கேட்கும் நிரலாக்கப் புதிர் ஆகும். விடுதி அறை, வகுப்பறை, வாகன நிறுத்தம் ஆகியவற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

மதுரையிலிருந்து வரும் பாதையின் கடைசி நிலையமான போடிநாயக்கனூரில் இதற்கு வேலை குறைவு. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற சேவை 2023 சூனில்தான் மீண்டும் போடி வரை வந்தது. அன்றாட வண்டிகள் கைவிரலில் அடங்கும். போடிமெட்டுக்கு மேலுள்ள ஏலத்தோட்டங்களின் உலர்கூடங்களில்தான் (பேச்சில் 'ஸ்டோர்') புதிர் கடினமாகிறது. பறித்த காயை உடனே உலர்த்தாவிட்டால் பச்சை நிறம் மங்கும், ஏலத்தில் விலை இறங்கும். ஒரு சுமை உலர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.

எடுத்துக்காட்டாக, நான்கு சுமைகளுக்குத் தலா 24 மணி நேரம் என்போம். திங்கள் நள்ளிரவை 0 எனக் கொண்டால், அவை 16–40, 18–42, 34–58, 40–64 என அமையும். கடிகார நேரத்தையே எழுதினால், மறுநாள் காலை 10 மணி முந்தைய மாலை 4 மணிக்கு முன்னே போய் நிற்கும். இணையத்தில் கிடைக்கும் பல நிரல்கள் இங்கேதான் தவறுகின்றன.

வருகை, வெளியேற்றம் அனைத்தையும் நேரப்படி வரிசைப்படுத்தி, வருகைக்கு ஒன்றைக் கூட்டி வெளியேற்றத்துக்கு ஒன்றைக் கழித்துச் செல்ல வேண்டும். இடையில் எட்டும் உச்ச எண்ணே விடை. ஒவ்வொரு இணையையும் ஒப்பிட்டால் சுமைகள் இரட்டிக்கும்போது வேலை நான்கு மடங்காகும். இம்முறையில் இரட்டிப்பைவிடச் சற்றே கூடும்.

40ஆம் மணியில் ஒரு சுமை வெளியேற, இன்னொன்று வருகிறது. வெளியேற்றத்தை முதலில் எண்ணினால் 3 அறைகள், வருகையை முதலில் எண்ணினால் 4. தட்டுகளை இறக்கிச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் பிடித்தால் விடை 4தான். ஆனால் கடைசிச் சுமை அந்த ஒரு மணி நேரம் பொறுத்தால் 3 போதும். நான்காம் அறை கட்டுவதா, காத்திருப்பதா என்பதை நிரல் சொல்லாது.

எந்தச் சுமைக்கு எந்த அறை என்பதும் வேண்டுமானால், முதலில் காலியாகும் அறை மேலே நிற்கும் குவியல் தரவமைப்பைப் பயன்படுத்தலாம். எல்லா அறைகளும் நிறைந்திருந்தால் மட்டுமே புது அறை திறக்கப்படும். அந்தக் கணத்தில் அத்தனை சுமைகளும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பதால், அதைவிடக் குறைந்த அறைகளில் எவராலும் அடக்க முடியாது.