மணிக்கட்டு சொல்லும் வயது

2009 நவம்பர் 15. அபுஜா தேசிய அரங்கில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம். நடப்புச் சாம்பியன் நைஜீரியா. போட்டியை நடத்தும் நாடும் அதுதான். ஆனால் ஜெயித்தது சுவிட்சர்லாந்து, 1-0. கோல் அடித்த ஹாரிஸ் செஃபெரோவிச்சும், அந்த அணியில் இருந்த கிரானிட் ஜாக்கா, ரிக்கார்டோ ரோட்ரிகஸ் ஆகியோரும் பின்னாளில் சுவிஸ் தேசிய அணியின் தூண்களாக நின்றார்கள்.

வயதைச் சோதிக்க வீரர்களின் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் முறையை ஃபிஃபா அந்தத் தொடரில்தான் முதன்முதலாகக் கொண்டுவந்தது. தொடர் தொடங்கும் முன்பே நைஜீரிய முகாமிலிருந்த பலர் ஸ்கேனில் தேறாமல் கழிக்கப்பட்டிருந்தார்கள். ‘வயதைச் சோதித்தார்கள், நைஜீரியா தோற்றது’ என்று இரண்டையும் முடிச்சுப் போட அன்று நிறையப் பேர் இருந்தார்கள். அந்த முடிச்சு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இந்தப் போட்டி 1985-இல் சீனாவில் தொடங்கியபோது 16 வயதுக்குட்பட்டோருக்கானது. முதல் கோப்பையே நைஜீரியாவுக்கு. இறுதியில் மேற்கு ஜெர்மனியை 2-0 என வென்றது. 1991-இல் வரம்பு 17 ஆனது. இந்த வயதில் ஓராண்டு என்பது பெரிய இடைவெளி. 19 வயது இளைஞனின் தோளும் தொடையும் 16 வயதுப் பையனோடு மோதினால் பந்து யார் காலில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய கிளப்புகளின் ஆட்கள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, சான்றிதழில் இரண்டு வயதைக் குறைப்பது ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றிவிடும். ஏமாற்றும் ஆசை அங்கேதான் பிறக்கிறது.

ஆப்பிரிக்காவைப் பற்றி மட்டும் இப்படிப் பேசுவது அநியாயம். 1988-இல் இளையோர் தகுதிச்சுற்றில் வயது மீறியவர்களை ஆடவைத்து அகப்பட்டது மெக்சிகோ. எல்லா சர்வதேசப் போட்டிகளுக்கும் சேர்த்து இரண்டாண்டுத் தடை. பிள்ளைகள் போட்டியில் செய்த பித்தலாட்டத்துக்காக அந்நாட்டின் மூத்தோர் அணி 1990 உலகக் கோப்பையை இழந்தது.

சரி, ஸ்கேன் எதைப் பார்க்கிறது? முன்கையில் பெருவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு. மணிக்கட்டை ஒட்டிய அதன் நுனியில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். பருவம் முதிர முதிர அந்தத் தட்டு சுருங்கி, எலும்பின் இரு பகுதிகளும் ஒன்றாக இணைந்துவிடும். இந்த இணைவை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறாம் நிலை என்றால் முழு இணைவு. அந்த வீரர் வெளியே. எக்ஸ்ரேயிலும் இதைப் பார்க்கலாம். ஆனால் மருத்துவத் தேவை எதுவும் இல்லாத பையன்மீது, சிறிய அளவென்றாலும், கதிர்வீச்சைச் செலுத்துவானேன் என்ற கேள்வி இருந்தது. எம்.ஆர்.ஐ.யில் அந்தத் தொல்லை இல்லை.

இதற்கு அடிப்படை, 2007-இல் வெளியான ஓர் ஆய்வு. சுவிட்சர்லாந்து, மலேசியா, அல்ஜீரியா, அர்ஜென்டினா நாடுகளைச் சேர்ந்த 14 முதல் 19 வயது வரையிலான 496 வீரர்களின் மணிக்கட்டைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 16 வயதினரில் முழு இணைவு கண்டவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு.

கணக்கு கச்சிதமாகத் தெரிகிறது. ஆனால் போட்டி நடப்பது பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில். விதிப்படி தகுதி பெற்ற, ஜனவரியில் பிறந்த பையன் அதற்குள் 17-ஐத் தாண்டி, 18-ஐ நெருங்கிக்கொண்டிருப்பான். சீக்கிரம் முதிர்ந்த உடம்பு அவனுக்கு வாய்த்திருந்தால், உண்மையான பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே வெளியேற வேண்டியதுதான். மறுபுறம், 19 வயதிலும் எலும்பு முழுக்க இணையாதவர்கள் பலர் உண்டு. அவர்கள் பொய்ச் சான்றிதழோடு ஸ்கேனைத் தாண்டிவிடலாம். எலும்புக்கு முதிர்ச்சிதான் தெரியும், பிறந்த தேதி தெரியாது. பெண்களின் எலும்பு முன்னதாகவே முதிர்ந்துவிடுவதால் இந்த அளவுகோல் மகளிர் போட்டிக்குப் பொருந்தாது.

குறை இருந்தாலும் இந்தச் சோதனை வேண்டியதுதான் என்பது என் எண்ணம். 2023 ஜனவரியில் கேமரூன் கால்பந்து சம்மேளனம் தன் 17 வயதுக்குட்பட்டோர் அணியைத் தானே சோதித்தபோது, 30 பேரில் 21 பேர் தேறவில்லை. ஸ்கேன் இல்லையென்றால் அந்த 21 பேரிடம் தங்கள் இடத்தை இழந்த உண்மையான பதினாறு வயதுக்காரர்கள் வெளியிலேயே நின்றிருப்பார்கள்.

இப்போது அந்த முடிச்சுக்கு வருவோம். ஸ்கேன் வந்த பிறகு நைஜீரியா என்ன ஆனது? 2013-இலும் 2015-இலும் அடுத்தடுத்துக் கோப்பையை வென்றது. மொத்தம் ஐந்து; வேறு எந்த நாட்டுக்கும் இல்லாத எண்ணிக்கை. 2015-இல் சிலியில் 10 கோல் அடித்த விக்டர் ஓசிமென், 2022-23-இல் நாப்போலி அணி இத்தாலிய லீக்கை வென்றபோது அந்த லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர். திறமையை வயதுப் பொய் என்று தள்ளியவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

இந்தியா இந்தப் போட்டியை 2017-இல் நடத்தியது. கொச்சி உட்பட ஆறு நகரங்கள், 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள். கொல்கத்தா இறுதியில் 0-2 என்று பின்தங்கிய இங்கிலாந்து, ஸ்பெயினை 5-2 என வென்றது. நம் அணி மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிய ஒரே கோல்தான் மிச்சம்.

2025 முதல் இந்த உலகக் கோப்பை 48 அணிகளோடு ஆண்டுதோறும் கத்தாரில் நடக்கிறது. முதல் ஆண்டுக் கோப்பை போர்ச்சுகலுக்கு. அணிகள் பெருகினால் சோதிக்க வேண்டிய மணிக்கட்டுகளும் பெருகும். பள்ளியில் சேர்க்க வசதியாக ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவைத்த தலைமுறை நம் ஊரிலும் உண்டு; அதில் யாரும் குற்றம் கண்டதில்லை. பிள்ளையை விளையாட்டில் விட நினைக்கும் பெற்றோருக்கு இனி அது சரிப்படாது. பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. பதிவு செய்துவிடுங்கள்.