ஒரே நெருப்பு, இரண்டு பெயர்

ஆகஸ்டு மாதம் 12-ஆம் தேதி பிரிட்டிஷ் சீமான்களுக்கு ஒரு பண்டிகை நாள். ‘கிரௌஸ்’ என்னும் பறவையைச் சுடும் பருவம் அன்றுதான் ஆரம்பமாகிறது. டிசம்பர் 10-ஆம் தேதியோடு முடிகிறது. இந்தப் பறவையை நம் ஊர்க் கௌதாரியின் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் மரமற்ற மேட்டு நிலங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கே அடர்ந்து வளரும் ‘ஹெதர்’ என்ற குறும்புதரின் தளிரே கிரௌஸுக்கு முக்கிய ஆகாரம். புதர் முற்றினால் தளிர் குறையும். ஆகையால் வேட்டைக் காவலர்கள் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, வருஷத்துக்குச் சில துண்டுகளாக முறைவைத்துக் கொளுத்துகிறார்கள். எரிந்த இடத்தில் இளந்தளிர் விடும். பக்கத்தில் நிற்கும் முற்றிய புதர் பறவைக்கு மறைவிடமாகும். நரியும் காக்கையும் கிரௌஸைத் தின்னாதபடி அவற்றையும் கொல்கிறார்கள். இவ்வளவும் எதற்காக? இலையுதிர் காலத்தில் ஆட்கள் பறவைகளைக் கலைத்து விரட்ட, மறைவில் நிற்கும் கனவான்கள் சுட்டு மகிழ்வதற்காக! இதற்கு அவர்கள் இட்ட பெயர் நிலப் பராமரிப்பு.

இனி நம் மலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு கிடக்கிறது கல்வராயன் மலை. அங்கே வாழும் மலையாளிகள் கேரளத்தார் அல்லர். தமிழ் பேசும் பழங்குடிகள். ஏர் செல்லாத சரிவுகளை அவர்கள் கொத்துக்காடு என்பார்கள். முன்னாளில் அவர்கள் அங்கே புதரை வெட்டிக் காயவிட்டுக் கொளுத்தி, சாம்பல் படிந்த மண்ணைக் கொத்திச் சாமையும் தினையும் விதைத்தார்கள். சில வருஷங்களுக்குப் பிறகு அந்த இடத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறிடம் சென்றார்கள்.

இத்தகைய விவசாயத்துக்கு வெள்ளைக்காரச் சர்க்கார் இட்ட பெயர் காட்டழிப்பு. 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம், ஒதுக்கப்பட்ட காடுகளில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. அனுமதியின்றி வேட்டையாடுவதையும் தடுத்தது. பறவைக்காகச் சீமான் வைத்தால் பராமரிப்பு. வயிற்றுக்காகக் குடியானவன் வைத்தால் குற்றம்!

துரைமார்கள் செய்தது முழுவதும் தீமை என்று சொல்வதற்கில்லை. நீலகிரியில் 1877-ல் அவர்கள் ஒரு வேட்டைச் சங்கம் அமைத்தார்கள். 1879-ல் வேட்டைப் பிராணிகளைக் காக்கச் சட்டமும் பிறந்தது. வரையாடு அடியோடு அழியாமல் நிற்பதற்கு அவையும் ஒரு காரணம். அதேபோல், கொத்துக்காட்டு நெருப்பு எப்போதும் நன்மையே என்பதும் சரியல்ல. ஜனத்தொகை பெருகி, நிலம் ஓய்வெடுக்கும் காலம் குறைந்தால், மழை மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். கேள்வி நெருப்பைப் பற்றியதல்ல. மலையைப் பற்றி முடிவு செய்கிறவர் யார் என்பதே.

பிரிட்டனிலேயே அபிப்பிராயம் மாறிவருகிறது. ஹெதருக்கு அடியில் மட்கிய தாவரங்கள் கறுத்த மண்ணாகப் படிந்து, நீரையும் கரியையும் தேக்கி வைத்திருக்கின்றன. தீ ஆழமாகப் பிடித்தால் அது கெடுகிறது. சட்டம் காக்கும் பருந்தினங்களை வேட்டை நிலங்களில் திருட்டுத்தனமாகக் கொல்வதும் அம்பலமாயிற்று. 2024-ல் ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டு, கிரௌஸ் வேட்டைக்கும் ஹெதர் எரிப்புக்கும் உரிமம் பெறவேண்டும் என்று சட்டம் செய்தது. நம் தேசமோ இன்னும் முந்திக்கொண்டது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் விளையாட்டு வேட்டைக்கு முடிவு கட்டின.

கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்கள் வசம் இருந்தது. 1976-ல்தான் சர்க்கார் அதை ஏற்றது. காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் மலைக்கிராமங்களின் சபைகளுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-ல் பிறந்தது. அந்த உரிமை காகிதத்திலிருந்து மலை ஏறி ஒவ்வொரு கிராமத்தையும் எட்டவேண்டும். கோமுகி ஆறு அந்த மலையில்தான் பிறக்கிறது. அதன் அணைநீரை நம்பிக் கீழே வயல்கள் இருக்கின்றன. மேலே காட்டைக் காப்பவன் நம் உலையிலுள்ள அரிசியையும் காக்கிறான். அவனைக் குற்றவாளியாக நினைக்கும் பழக்கத்தை அந்நியன் விட்டுச் சென்றான். அதை நாம் கட்டிக்காக்க வேண்டுமா என்று நேயர்கள் யோசிக்க வேண்டும்.